பிரிபடாத நாலில் ஒன்று

குழித்துறை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே
இடவப்பாதி மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
பிளாஸ்டிக் கவரிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்தாள் றோசலெட்.
பதினேழு பக்கம்.
அதில் அவள் மூன்றாம் பிரதிவாதி.
பேருக்கு நேரே
‘ஆஜராகவில்லை, ஒருதலைப்பட்சம்’ என்றிருந்தது.
அப்போ தம்மாமில் இருந்தேன், என்றாள்,
ராத்திரி டூட்டி.

வழக்குப் போட்டது சின்ன அண்ணன்.
எதிர்த்து நின்றது மூத்த அண்ணன்.
அக்கா கிறிஸ்டல் ஒரே ஒரு வாய்தாவுக்குப் போய்
தலைசுற்றி விழுந்தாளாம்.
கோர்ட் படி ஏறாத இவளுக்கும் கிடைத்திருக்கிறது
நாலில் ஒன்று.

நான் ஆதாரம் எழுதுகிறவன்.
இருபத்தாறு வருஷமாக ஊரார் மண்ணைக்
காலில் மிதிக்காமலே எழுதி வருகிறேன்.
எல்லை சொல்லுங்க, என்றேன்.
கிழக்கே ஓடை,
தெற்கே செல்லக்கண் வகையறா ரப்பர்,
மேற்கே சர்ச்சுக்குப் போகிற வழி,
வடக்கே மதில் இடிந்த இடம்.
அது முப்பத்தேழு செண்டுக்கும்.
உங்களுக்க கால் எங்கே?

அவள் மழையைப் பார்த்தாள்.
இறுதித் தீர்ப்பாணை கேட்டு ஒருத்தரும் மனுப் போடவில்லை.
கமிஷனர் வரவில்லை, கல் நடவில்லை.
அதனால் அவளுக்க கால்
அங்கே எல்லா இடத்திலும் இருக்கிறது;
படியில், படியின் பாசியில்,
கிணற்றில் கோரும் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம்.
அந்த வருக்கைப் பிலாவிலும்.
எட்டு வருஷமாகச் சக்கை பழுத்து, தானே விழுந்து,
ஈ மொய்த்துக் கிடக்கிறதாம்.
பறித்தால் கோர்ட் அவமதிப்பு என்று
அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனியே
சொல்லி வைத்தார்கள்
அண்ணனுக்க வக்கீலும் தம்பிக்க வக்கீலும்.

சரி, மூத்தவருக்கா, இளையவருக்கா?

தங்கபாய்க்கு.

பக்கங்களைப் புரட்டினேன்.
கட்சிக்காரர்களில் அந்தப் பேர் இல்லை,
சாட்சிகளில் இல்லை.
ஒன்பதாம் பக்கத்தில் மட்டும்
‘முதல் பிரதிவாதியின் மனைவி மேற்படி வீட்டில்
குடியிருந்து வருகிறார்’ என்று ஒரு வரி.

விளக்கிச் சொன்னேன்.
அண்ணனுக்கானால் விடுதலை ஆதாரம் போதும், செலவு குறைவு.
மதினி கூட்டுப் பங்காளி இல்லை,
அவளுக்கு விடுதலை எழுத ஏலாது.
தானம் எழுதலாம். ஆனால் அரசாங்கக் கணக்கில்
அண்ணன் குடும்பம்,
அண்ணனுக்க பெண்டாட்டி குடும்பம் இல்லை.
முத்திரைத்தாள் முழுசாகக் கட்டணும்.

கட்டுகேன், என்றாள்.
பிறகு, நான் கேட்காமலே:
நாலு வருஷம் அம்மை கிடையில கெடந்தா.
மாசம் ஒண்ணாந்தேதி நான் காசு அனுப்பினேன்.
காசு ஆளைப் பொரட்டிக் கெடத்தாது, கேட்டியளா.
அங்க நான் வேற ஆருக்கோ உள்ள அம்மையைப் பொரட்டிக்கிட்டு…
மீதியைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்,
ஆதாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று அடித்தேன்.
எல்லாத் தானத்துக்கும் அடிக்கிற வரிதான்.

அண்ணன் அறிவாரா?
அறியும்போ அறியட்டு.

தங்கபாய் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.
கேமராவைப் பார்க்கச் சொன்னபோது
பார்த்தது குமாஸ்தாவை.
இரண்டாம் தடவை கண்ணை மூடிவிட்டாள்.
மூன்றாவதுதான் சரியாக விழுந்தது.
கட்டைவிரல் ரேகை மெஷினில் பதியவே இல்லை,
பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்.
துடைத்துத் துடைத்து அழுத்தினாள்.

வெளியே வந்து என்னிடம் மெல்லக் கேட்டாள்:
அப்ப, அந்தச் சக்கையைப் பறிக்கலாமா?

சட்டப்படி எந்தச் சக்கையிலும்
உங்களுக்கு நாலில் ஒன்றுதான், என்றேன்.

நாலாட்டு முறிக்கணும்னா
முதல்ல பறிக்கணுமே, என்று சொல்லி
குடையை விரித்தாள்.