ஓர் அரிசி நீளம்

மருந்துக் குழாயை வாலிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால்
இன்னும் நான்கு பிள்ளைகளுக்குக் காணும்.
கண்ணுக்கு ஓர் அரிசி நீளம்.
கீழிமையை விரலால் இறக்கி, உள்ளே ஒரு கோடு.
அப்புறம் துடைக்கக் கூடாது,
அழுதே கரைத்துக்கொள்ளட்டும்.

அதற்கு முன் பஞ்சு.
மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாய் ஒரே இழுப்பு.
மறு கண்ணுக்கு வேறு பஞ்சு.
தூக்கத்தில்கூட என் கை இதைச் செய்கிறதாம்,
தலையணை ஓரத்தைத் துடைக்கிறேனாம்.
என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை ஃபலேசி வந்தாள்,
ஏரிக்கரை மீன்கொட்டகையில்
வலை காயும் கயிற்றுக்கடியில் பெற்றவள்.
பிள்ளைக்கு மூன்று நாள்.
இமை இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன.
பிரித்தேன்.
என் கையுறையில் வழிந்தது மஞ்சள்.

'பால் பீய்ச்சிப் பார்த்தேன்' என்றாள்.
'பால் வயிற்றுக்கு' என்றேன்.
அவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம்.
பதினான்கு மைல் நடந்த கால் அது.

பிள்ளையின் தொடையில் ஓர் ஊசி.
மணிக்கொரு தரம் உப்புநீர்.
வெளியே, விடியும்வரை
படகு விளக்குகள் உசிப்பா மீனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.
நான் என் கைவிளக்கை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்
கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

'இது எங்கிருந்து வந்தது?'
சொன்னேன், குரலை இறக்கித்தான்.
வார்டில் பதினொரு பெண்கள்,
பதினொருவரும் தூங்குவதுபோல் கிடந்தார்கள்.
'எனக்கு ஒரு வலியும் இல்லையே.'
'சிலருக்குத் தெரியாது.'
மாசமாய் இருந்தபோது ஒரு தரம் வந்திருந்தால்
அப்போதே மருந்து கொடுத்திருப்பேன்
என்று வாயெடுத்து, விழுங்கினேன்.
மார்ச் மழையில் பாலம் போயிருந்தது.
வருவதற்கு எங்கே வழி இருந்தது?

ஞாயிறன்று மசாவுகோ வந்தான்.
முழங்கைவரை செதில்.
கதவைத் தாண்டாமல் நின்றான், திட்டு வாங்க.
நானும் இரண்டு நாளாய்ச் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்,
ஒவ்வொன்றும் கூராக.
அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்:
'எனக்கு எந்தப் பக்கம் ஊசி?'

வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.
'இடப்பக்கம். அவளுக்கும் உண்டு' என்றேன்.

வலக்கண் திறந்தது.
ஈரக் கறுப்பு. எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்தது.
இடக்கண்ணில், கருவிழியின் ஓரத்தில்
கடுகளவு வெள்ளை.
பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதும்போது
'சிறியது' என்று எழுதி,
அடித்துவிட்டு, அளவை எழுதினேன்.

இப்போது நாலு மணி பத்து.
மூன்றாம் கட்டிலில் ஒருத்தி முக்குகிறாள்.
தலை தெரிகிறது, முடி நிறைய.
ஜூலைக் குளிரில் மருந்து இறுகிவிடும்.
குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு
'இன்னும் ஒரு தரம், அம்மா, இன்னும் ஒரே தரம்' என்கிறேன்.
அது மெல்ல
இளகிக்கொண்டிருக்கிறது.