தணிக்கை

ஆண்டுக்கொருமுறை ஹெர் ப்ஷிபிலா வருவார்,
எங்கள் கட்டடத்து லிஃப்டின் வயிற்றைத் திறந்து
கம்பி கம்பியாய்த் தடவிப் பார்ப்பார்.
எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ.
ஒன்பதாம் ஆள் கால் வைத்தால் மணியடிக்கும், நகராது.
சட்டம் அப்படி.

ஐந்தாம் மாடியில் என் மேசை.
எசன் நகரின் வடக்கு விளிம்பில்
தமிழ் என்று அட்டை ஒட்டிய ஒரே திரை.
எங்கெங்கோ இருந்து தமிழில் எறிகிற கல்லெல்லாம்
என் கண்ணில் பட்டுத்தான் கீழே விழும்.
நாளைக்கு எழுநூறு.
ஒன்றுக்கு நாற்பது விநாடி.
எத்தனை கிலோ என்று ஒருவரும் கேட்டதில்லை.

சேர்ந்த அன்று அக்காவுக்குச் சொன்னேன்,
"தணிக்கை வேலை."
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
"கணக்குத் தணிக்கையோ?" என்றாள்,
அப்படியே இருக்கட்டும் என்கிற குரலில்.

பாவம் அந்தச் சொல்.
ஒரே சட்டையை இரண்டு பேர் மாறி மாறிப் போடுகிறார்கள்:
கல்லாப்பெட்டியைக் குலுக்கிப் பார்க்கிறவன்,
வாயைப் பொத்துகிறவன்.
எங்களூருக்கு இரண்டாமவன்தான் வந்துபோவான்.
அவன் வந்த மறுநாள் பத்திரிகையில் வெள்ளைப் பத்தி.
அந்த வெள்ளையில்தான் நான்
நெடும்பிரித்தல் செய்து பழகினேன்.
பற்றரிக்குத் தடை. சோப்புக்குத் தடை.
சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்டோம்;
மிதிக்கிறவனுக்கு மூச்சு வாங்கினால்
வானொலிக்காரரின் குரலும் தேயும்.
அரசு என்றால் எனக்கு அதுதான், வெகுகாலம்.

யன்னலுக்கு வெளியே எம்ஷர் ஆறு.
ஒரு நூற்றாண்டு இந்த ஆலைகளின் சாக்கடையாய் ஓடியதாம்.
ஏதோ ஒரு மேசையில் யாரோ
இனிக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட,
முப்பது வருஷம் குழாய் புதைத்தார்களாம்.
இப்போது மீன் உண்டு.
நான் கண்டதில்லை, பலகையில் போட்டிருக்கிறது.
பலகையை நம்புகிறேன்.
அதுவே எனக்குப் புதுப்பழக்கம்.

செவ்வாய், பதினொன்றேகால்.
ஒரு படம்.
கரை நெடுக மீன், வயிறு மேலே, வெள்ளி வெள்ளியாய்.
பின்னால் ஓர் ஆலையின் வாய்க்குழாய்.
கீழே ஒரு வரி:
"இது எங்கட கடல். ஆரிட்டச் சொல்ல?"

முறையிட்டது ஆலை. அவதூறாம்.
அவதூறை ஒரு நாளுக்குள் நீக்கு என்கிறது ஒரு தாள்.
காரணமின்றி நீக்காதே என்கிறது அடுத்த தாள்.
இரண்டும் சட்டம்தான். இரண்டுக்கும் இடையில்
நகம் கடித்த என் ஆட்காட்டி விரல்.

முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
மீன்கள் இருந்த இடத்தில்
நெடும்பிரித்தல் செய்யத் தோதாய் ஒரு வெள்ளை தெரிந்தது.
'இருக்கட்டும்' என்பதை அழுத்தினேன்.
அடுத்தது ஒரு கல்யாண வீடியோ.
மாப்பிள்ளையின் ஆட்டம் ஆபாசம் என்று
பெண்வீட்டார் யாரோ புகார்.

அதே கிழமை பொன்னிலிருந்து கடிதம்
(ஊர்ப் பெயரில் மட்டும்தான் பொன், உள்ளே அட்டவணை).
எந்த மொழியை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்
என்று அரசு கேட்கிறது.
ஸ்வெந்யா நிரப்பினாள், நான் பின்னால் நின்றேன்.
தமிழ்: 1.
அத்தனை கோடி வாய்க்கும் ஒன்று.

பட்டியலில் ஏறினால் ஓடவேண்டும் என்று வளர்ந்த உடம்பு
சட்டென்று கதவைப் பார்த்தது.
பிறகு, ஏனோ, நின்றது.
கேட்கிறார்கள்.
இன்னும் ஒன்றும் செய்துவிடவில்லை,
கேட்டிருக்கிறார்கள்.

மாலையில் ஹெர் ப்ஷிபிலா
இரும்புக் கட்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.
பாரம் ஏற்றிப் பார்த்தாராம், தாங்குகிறதாம்.
"கொதிகலன்கள் வெடித்த பிறகுதான்
எங்கள் தொழிலே பிறந்தது" என்று கையைத் துடைத்தார்.
வெடிப்பதற்கு முன்னால் யார் பார்த்தார்கள்
என்று கேட்க எனக்கு ஜெர்மன் போதவில்லை.
புது வில்லையைச் சுவரில் அழுத்தி ஒட்டினார்.
அடுத்த சோதனை, மார்ச்.
"ஏறலாம்" என்றார்.

நான் படியில் இறங்கினேன்.
ஐந்து மாடி, நூறு படி.
படிக்கு ஏழு.