பாயிண்ட்

ஐப்பசியில் போனேன்.
முகாமின் முதல் காலையில்
நிரஞ்சன் சார் கேட்டார்:
ஒன்றிலிருந்து பத்துக்குள்
உங்கள் மகிழ்ச்சிக்கு எத்தனை?
நாகலூர்ப் பக்கம் ஒரு காட்டேஜ்.
சில்வர் ஓக் மரங்களில் பனி
இறங்க மனசில்லாமல் தொங்கியது.
நான்கு என்று எழுதினேன்.
பக்கத்துப் பாயில் பிலோமினா
ஏழு போட்டு, அடித்து, ஆறரை ஆக்கினாள்.

எனக்கு இந்த வேலை தெரியும்.
ஆத்தூர் ரோட்டில் சேகோ பேக்டரி, பதினோரு வருஷம்.
மரவள்ளி லோடு வந்தால்
ஐந்து கிலோ கிழங்கைத் தண்ணீரில் முக்கி
முள் நிற்கும் இடம் பார்த்துச் சொல்வேன்:
இருபத்தாறு. இருபத்தெட்டு.
பாயிண்டுக்கு இவ்வளவு என்று பணம்.
முள் ஒன்று சொல்லும். முதலாளி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால்
நான் வேறொன்று சொல்வேன்.

மூன்று நாளைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு உட்பட.
ஏன் போனேன்? தூக்கம் இல்லை.
டாக்டர் எல்லாம் நார்மல் என்றார்.
அந்த நார்மலை வைத்துக்கொண்டு
இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வது?

பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.
மூச்சை நாலு எண்ணி இழுத்து
ஆறு எண்ணி விட்டபோது
தோள் இரண்டும் காதை விட்டு இறங்கின.
அவை அங்கே ஏறியிருந்ததே எனக்குத் தெரியாது.
மதியம் ரசம் சாதம், அந்தத் தோட்டத்து மிளகு.
நன்றி நோட்டில் முதல் வரியாக
ரசம் என்று எழுதினேன்.
இன்னும் ஆழமாகப் போங்கள் என்றார் சார்.
ரசத்துக்குக் கீழே போக எனக்கு வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள், கண் மூடிய பயிற்சி.
உறுத்துகிற ஒன்றை எடுங்கள்.
உள்ளங்கையில் வையுங்கள்.
உங்களை நீங்களே மன்னித்து, ஊதிவிடுங்கள்.
முப்பது பேர் ஊதினார்கள், டீ ஆற்றுவது மாதிரி.
பிலோமினா அழுதுகொண்டே ஊதினாள்.

என் கையில் வந்து உட்கார்ந்தவர் சடையன்.
வாழப்பாடிக்கு உள்ளே ஏதோ ஊர்.
மாசியில் கொண்டுவந்த லோடு, ஆறு டன்.
முள் இருபத்தேழில் நின்றது.
இருபத்தைந்து என்றேன்.
சரிங்கம்மா என்றார்.
தார்ப்பாயை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு
போய்விட்டார்.

ஊதினேன். நகரவில்லை.
எழுபது கிலோ ஆள், எப்படி நகருவார்?
கையைத் தூக்கினேன்:
சார், பட்டவர் வேறு ஆள்.
நான் எப்படி மன்னிப்பது?
சிரித்தார். கோபமில்லாத, நல்ல சிரிப்பு.
குற்ற உணர்வு ஒரு பழைய சட்டை அம்மா,
கழற்றிப் போடுங்கள் என்றார்.
இரண்டு பாயிண்ட், ஆறு டன், அன்றைய விலைக்கு
மூவாயிரத்து அறுநூறு.
சட்டை என்றால், அது அவருடைய சட்டை.

கிளம்பும்போது மறுபடி எத்தனை என்றார்கள்.
ஆறு இருக்கும்.
எட்டு என்று எழுதினேன்.
கை பழகிவிட்டது.

பஸ் இறங்கியது.
இருபதாவது கொண்டை ஊசி, பத்தொன்பது, பதினெட்டு,
வளைவுக்கு வளைவு எண் குறைந்தது.
அடிவாரத்தில் அடைத்திருந்த காது திறந்துகொள்ள
சேலத்து வெயில் அதன் வழியாக உள்ளே வந்தது.

தையில் சடையன் வந்தார்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.
நான் நாலு எண்ணி இழுத்தேன்
(அதற்குக் கொடுத்த காசு வீணில்லை),
ஆறு எண்ணி விடுவதற்குள்
இருபத்தெட்டு என்று வந்துவிட்டது,
முள் சொன்னபடியே, கொஞ்சம் சத்தமாக.
துடைப்பது நின்றது.
சடையன் யாரையும் பார்க்காமல் சொன்னார்:
இந்த வருஷம் மழை நல்ல மழைங்க.

பழைய மூவாயிரத்து அறுநூறு அப்படியேதான் இருக்கிறது.
முதலாளி என்னோடு பேசுவதில்லை.
என் மேஜைக்குப் பக்கத்தில்
புதுப் பையன் ஒருவன் முள் பார்க்கப் பழகுகிறான்.
சில இரவு தூங்குகிறேன்.

பிலோமினா போன் செய்தாள்,
இப்போது உனக்கு எத்தனை என்று கேட்க.
முள் இன்னும் நிற்கவில்லை என்றேன்.
உம் கொட்டினாள்.
அதற்குள் அவள் வீட்டுக் குக்கர் விசிலடிக்க
வைத்துவிட்டாள்.