கெளிக் குழி

லாபிஸில் எங்கள் தாமானின் கடைசி வரிசை.
வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் செம்பனை.
இரண்டுக்கும் நடுவே என் தம்பி குணாளன் தோண்டிய குழி,
இடுப்பளவு ஆழம்.
கெளி வளர்க்கலாம் என்றான்,
கிலோ பத்து வெள்ளி என்றான்,
முந்நூறு குஞ்சு விட்டுவிட்டு
சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனான்.
பதினேழாம் நாள் எல்லாம் வயிறு காட்டி மிதந்தன.

நான் குழியை மூடியிருக்க வேண்டும்.

சித்திரை மழைக்குப் பிறகு ஒரு காலை
கங்குங் தண்டில் வெள்ளை நுரை ஒட்டியிருந்தது.
சவர்க்காரத் தண்ணீரை யார் கொட்டியது என்று
பக்கத்து வீட்டு மக்சிக் ரொஹானியை
இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன்.
நான்காம் நாள் நுரை இளகிச்
சொட்டுச் சொட்டாய் நீரில் விழுந்தது.
ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வால்.

நான் எண்ணெய் ஆலையில் லாரி எடை போடுகிறவள்.
குலையோடு வந்ததை எழுதி,
வெறுமையாய்ப் போவதைக் கழித்தால் கணக்கு முடிந்தது.
வாலைக் கழித்தால் கால் மிஞ்சும் கணக்கு
எனக்குப் பிடிபடவே இல்லை.
விரல்நகம் அளவு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன்.
அறுபது டன் தாங்கும் என் தராசு
இதை ஒன்றுமில்லை என்று சொல்லும்.
கைக்குத் தெரிந்தது.

ஆடியில் டெங்கி.
புகை மெஷினோடு வந்தவர்களில் மீசை முளைக்காத ஒருவன்
வெள்ளைக் கரண்டியால் என் குழியைக் கோரினான்.
புழு இருந்தால் சம்மன், அக்கா.
டார்ச் வெளிச்சத்தில் மூன்று தலைப்பிரட்டைகள்.
வெகுநேரம் பார்த்தான்.
கரண்டியை நீர்மட்டம்வரை இறக்கி, சரித்துவிட்டான்.
மருந்துப் பொட்டலத்தைச் சுவர்மேல் வைத்துப் போடச் சொன்னான்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

புரட்டாசியில் கடல் தாண்டி வந்த புகைமூட்டம்.
முகமூடியோடு எடை போட்டோம்.
பதினோரு இரவு குழியில் ஒரு குரலும் இல்லை.
அந்த வாரம்தான் கோப்பிக் கடையில்
கட்சி தாவிய ஒருவனைத்
தவளை, தவளை என்று திட்டித் தீர்த்தார்கள்.
எழுந்து சொல்ல நினைத்தேன்,
என் குழிக்காரர்கள் வேறு குழிக்குப் போனதில்லை என்று.
போயிருக்கலாம், யார் கண்டது.
கோப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சாலைக்கு அப்பால் மிச்சமிருக்கும் பால்மரங்கள்
இலை கொட்டும் மாசியில் நீர் கணுக்கால் அளவு.
சேறு வெடித்து, வெடிப்புக்குள் எல்லோரும்.
ஒன்று மட்டும் சலவை மெஷின் அடியில் குடியேறியது.
தினமும் ஒரு குவளை தண்ணீர் வைத்தேன்,
வாடகை கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் குணாளன் கூப்பிடுவான்.
கெளி எப்படி, அக்கா?
இருக்கு.
பெருசா?
சத்தம் போடுற அளவுக்கு.
சிரிப்பான், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று.

பிறகு இந்த மார்கழி.
ஐந்து நாள் விடாத மழை.
எருமைக் கன்று கத்துவதுபோல் அடித்தொண்டையில் ஒரு கூட்டம்,
அதற்குமேல் கிட்டி தட்டுவதுபோல் இன்னொன்று.
ஆலையை மூடினார்கள்.
வேலி முழுகியது, குழி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை,
செம்பனை முதல் என் மூன்றாம் படிவரை ஒரே நீர்.
நாற்காலியை மேசைமேல் ஏற்றிவிட்டு
நானும் மேசைமேல் உட்கார்ந்திருந்தபோது போன்.

கெளியெல்லாம் வெள்ளத்துல போயிருக்குமே, அக்கா.

எவ்வளவு சுலபம்.
ஆமாம் என்றால் போதும்,
ஒன்றரை வருடப் பொய்யை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும்.

அது என்ன சத்தம் என்றான்.

ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டினேன்.
மழை கைமேல் விழுந்தது.
முழங்கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன்.
அவன் வைக்கவில்லை.