உதிரிப்பழக் கணக்கு

பஹாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாமாக் கடையில் உட்கார்ந்து
பதினான்கு வாரங்களைப் பதினான்கு கட்டங்களாக்கினேன்.
எதை எந்தக் கட்டத்தில் போடுவது?

முதுகலை இயந்திரவியல், எட்டுப் பேர்.
சமன்பாடுகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.
திருகாணி எந்தப் பக்கம் இறுகும் என்று
சென்ற பருவம் ஒருவன் கைப்பேசியில் தேடினான்.
நான் சிரிக்கவில்லை.
அவன் கையை நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை,
கேட்டதெல்லாம் விடை.

முதலில் எழுதிய கணக்கு இது:
செம்பனை மரத்தடியில் சிதறும் உதிரிப்பழங்களை
மணிக்கு நூறு கிலோ பொறுக்கும் கருவி ஒன்றை வடிவமைக்க.
எடை பன்னிரண்டு கிலோவுக்கு மிகாமல்.
செலவு ஐந்நூறு வெள்ளிக்குள்.

அழகான கணக்கு. எல்லா எண்ணும் நான் கொடுத்தவை.
அதுதான் அதன் கோளாறு.

நூறை அழித்தேன். பன்னிரண்டை அழித்தேன்.
ஐந்நூறை மட்டும் விட்டுவைத்தேன்,
நிதிப் பிரிவுக்குக் காலியிடம் பிடிக்காது.
மிஞ்சியது
மரம், பழம், குனிகிற ஒருவர்.

மூன்றாம் வாரம், காலை ஆறே முக்கால்.
இன்று யாரும் எதையும் வரையக்கூடாது என்றேன்.
லொம்போக்கிலிருந்து வந்து ஒன்பது வருஷமான ஜுமியாத்தி
ஆளுக்கொரு கோணி கொடுத்தாள்.
பத்து மணிக்குள்
ஹாஸிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.
யீ ஷுவான் உள்ளங்கையில் முள்.
துவாரகேஷ் கோணியில் பழத்தோடு மாட்டுச் சாணியும்.
எட்டுப் பேர் பொறுக்கியதெல்லாம் சேர்த்தால்
அவளுடையதில் பாதி.

பாம்பிருக்கும் என்று
ஓலைக் குவியலைக் கம்பால் அவள் தட்டித் தட்டிப் போனதை
பூர்ணிமா மட்டும் பார்த்தாள்.
கருவியின் கைப்பிடி அவ்வளவு நீளமானது
அதனால்தான்.

ஏழாம் வாரம், முதல் மாதிரி.
மிதிவண்டிச் சக்கரம், பூப்பந்து மட்டை நரம்பு,
பழைய மின்விசிறிக் கூடு.
பட்டறைச் சிமெண்டுத் தரையில் ஒரு பழம் விடாமல் அள்ளியது.
தோட்டத்தில்
சருகை அள்ளியது, கல்லை அள்ளியது,
பழத்தை மண்ணுக்குள் பதித்துவிட்டுப் போனது.
எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
நரம்பைத் தளர்த்தினால் போதும்.
எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது.
லோரி நிழலுக்குப் போய்
வராத அழைப்பு ஒன்றுக்கு
இருபது நிமிஷம் பதில் பேசினேன்.

திரும்பியபோது நரம்பு தளர்ந்திருக்கவில்லை.
ஒன்று விட்டு ஒன்றாய்
அறுத்தே போட்டிருந்தார்கள்.
எனக்குத் தோன்றாதது.
வேலை செய்தது, ஓரளவு.

பதினோராம் வாரம் ஜுமியாத்தி தள்ளிப் பார்த்தாள்.
ஒரு மணி நேரம், மூன்று கோணி.
பிடித்திருக்கிறதா என்று யீ ஷுவான் மலாயில் கேட்க,
அவள் கோணி வாயைக் கட்டியபடி கேட்டாள்:
“இப்போது கோணிக்குக் கொடுக்கிற காசை
இது வந்த பிறகும் கொடுப்பார்களா?”

மறுபடி எட்டு முகங்கள்.
இந்த முறை லோரி நிழலில் ஒளிவதற்கு
என்னிடமும் விடை இல்லை.

இறுதி அறிக்கையின் அட்டவணையில்
எடை, வேகம், செலவுக்குக் கீழே
துவாரகேஷ் தானாக ஒரு வரி சேர்த்திருந்தான்.
கோணிக்கூலி. தோட்ட அலுவலகத்தில் மூன்று முறை கேட்கப்பட்டது.
முடிவு: ‘பார்க்கலாம்.’
அலகு என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.
இதற்கு எத்தனை மதிப்பெண் என்று
புறத்தேர்வாளர் கேட்டார்.
என் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடமே இல்லை.

இன்றும் சனிக்கிழமை. அதே கடை.
அடுத்த அணிக்குப் பதினான்கு கட்டங்கள்.
பதினோராம் வாரத்திலிருந்த ஜுமியாத்தியை
முதல் வாரத்துக்கு நகர்த்துகிறேன்.
அவளுக்கு அன்று அரைநாள் கூலி போகும்.
அதை ஈடுகட்ட ஒரு படிவம் உண்டு,
‘வெளி ஆலோசகர்’.
பெயர் எழுதியாயிற்று.
அடுத்து, கல்வித் தகுதி என்கிறது.

தே ஓ ஆறிவிட்டது.
இன்னொன்று சொல்கிறேன்.