எட்டு ஜிபி இருக்கா

"நூத்தியிருபத்தெட்டு எடுத்துக்குங்கண்ணே,
ஒரு வருஷத்துக் கல்யாணம் மொத்தமும் அடங்கிடும்"
என்கிறான் ஜியாவுதீன்.
சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதென்று
லாரன்ஸ் ரோட்டு வண்டிகளெல்லாம்
இவன் கடைவாசலில் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

கண்ணாடி மேசைமேல் ஆறேழு கார்டுகள்,
தபால்தலை அளவில்.
எழுதும் வேகம் நொடிக்குத் தொண்ணூறு,
படிக்கும் வேகம் அதற்கும் மேல்.
நீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம்,
உறையின் முதுகில் அச்சடித்திருக்கிறது.
நீரில் விழுந்ததைப் படமெடுக்கத்தான்
பாதி நாள் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று
அவனுக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

"போலி இல்லியே?"
"நம்ம கடையிலயா?"
பாண்டியில் ஒருமுறை வாங்கினேன்.
அறுபத்துநாலு என்று நெற்றியில் எழுதிக்கொண்டு
ஏழுக்கு மேல் கொள்ளாமல்
மாப்பிள்ளை அழைப்பின் மேலேயே தாலிகட்டை எழுதி
இரண்டையும் சாம்பல் கட்டங்களாக்கியது.
அந்தத் தெருவழியே இன்றும் நான் போவதில்லை.

"எட்டு ஜிபி இருக்கா?"
சிரித்துவிட்டான்.
"இப்ப அதையெல்லாம் எவன் கேக்குறான்?"

எப்படிச் சொல்ல.

மூன்று வருஷம் முன்னால், ஆவணி,
திருவந்திபுரத்தில் காலை ஏழுக்கு
மிதுனஸ்ரீ என்கிற பத்து மாதத்துக்கு
மொட்டை, காதுகுத்து.
இருநூற்றுப் பதினோரு படம்.
பந்தியில் பாயசத்தைத் தொடும்போது
ஏட்டு தனகோடி போன்.
"தேவனாம்பட்டினம், முகத்துவாரம்.
வெரசா வா, கூட்டம் சேருது."
அதே கேமரா, அதே கார்டு.
பதினேழு படம்.
முகம். இடது கை.
மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு,
பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.

பொழுது சாய்வதற்குள் அது கொலை என்று ஆயிற்று.
நகல் செல்லாது, மூலம்தான் வேண்டும் என்று
ஸ்டேஷனிலேயே கழற்றி வாங்கி
காக்கி உறையில் போட்டு அரக்கு உருக்கினார்கள்.
உறைமேல் எண் எழுதியவர்
எத்தனை ஜிபி என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்.

இன்னும் மஞ்சக்குப்பம் கோர்ட்டில்தான் இருக்கிறது.
மிதுனஸ்ரீ எல்கேஜி சேர்ந்துவிட்டாள்.
அவள் அப்பா மாதம் ஒருதரம் கூப்பிட்டு
"தம்பி, பாப்பா அழுத படம்..." என்று இழுப்பார்.
கோபமே இருக்காது.
அதுதான் தாங்கவில்லை.

வாய்தா அன்று கணினியில் செருகியபோது
முதலில் வந்தது அவள்தானாம்.
மொட்டை, சந்தனம், மாமன் மடி,
ஆசாரி, ஊசி, திறந்த வாய்,
மறுபடி சந்தனம்.
வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார்களாம்.
பிறகு, கயிறு கட்டிய கை.
யாரோ ஒருவர் மட்டும்
"கொஞ்சம் பின்னால போங்க,
இது யார் குழந்தை?" என்றாராம்.
ஏட்டு சொன்னதுதான்.

ஜியாவுதீன் அடி இழுப்பறையைக் கவிழ்க்கிறான்.
செத்த பேட்டரிகள், சிம் வெட்டும் கத்தரி,
ரப்பர் வளையம் ஒட்டிப்போன ரசீதுகள்.
நடுவில் ஒன்று, எட்டு ஜிபி,
தங்கப்பல் வரிசையில் உப்புக்காற்றின் பச்சை.
அழிரப்பரால் தேய்த்துக் கொடுக்கிறான்.
"நூத்தம்பது குடுங்க. ஆனா ஸ்லோ.
ஓடுறதை எடுத்தா பிடிக்காது."
"இதுல நான் எடுக்கறது எதுவும் ஓடாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
கல்யாணத்துக்கென்று ஒரு முப்பத்திரண்டும் வாங்கினேன்.
அதன்மேல் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்தோம்.
புள்ளி காயுமுன் இரண்டையும்
மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தாயிற்று.

"ஒண்ணு எடுங்க, டெஸ்ட்டுக்கு."
முடியைக் கோதி, காலரை இழுத்துவிட்டு,
சார்ஜர் தோரணங்களுக்கு முன்னால்
நேராக நின்றான்.
நன்றாகவே விழுந்தான்.
சிரிப்போடு எட்டிப் பார்த்தவன்
சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டான்:
"அண்ணே, எதுல எடுத்தீங்க?"

நானும் மூடியைத் திறந்துதான்
பார்க்க வேண்டியிருந்தது.