காலியாக இருக்க வேண்டிய கட்டம்

மேட்டூர் திறந்த அன்றைக்கே
பாசன சங்கத்துக்குப் படிவம் செய்து கொடுத்துவிட்டேன்.
பெயர், ஊர், வாய்க்கால், எத்தனை மா,
தண்ணீர் எட்டியதா இல்லையா.
ஐந்தே கட்டம். கீழே பச்சையில் 'அனுப்பு'.

முதல் வாரம் பதினோரு புகார்.
பதினோரு பேரின் முகமும் எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை
விடியற்காலை மூன்று இருபதுக்கு
நாலாயிரத்துச் சொச்சம்.
யாரோ ஒருவன், யாருமே இல்லாத ஒருவன்,
ஊர் என்ற இடத்தில் சூதாட்டத்துக்கு வழி எழுதியிருந்தான்.
எத்தனை மா என்ற இடத்தில்
எடை குறைக்கும் மாத்திரை.

மதகுக் கம்பியில் ஆகாயத்தாமரை வந்து அடைத்தால்
லஸ்கர் கலியன் கழுத்தளவு இறங்கி
கொக்கி போட்டு இழுப்பார்.
நான் கூத்தாநல்லூரில், என் ஜெராக்ஸ் கடையில்,
ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இழுத்தேன்.
நாலாயிரத்துக்கு நடுவில் ஒன்று:
'கோரையாறு கடைசி. முக்கால் மா. எட்டலை.'
அதையும் சேர்த்து அள்ளிப் போட இருந்தேன்.

படம் காட்டிக் கேள்வி கேட்கும் பூட்டு மாட்டினேன்.
'தீயணைப்புக் குழாய் உள்ள கட்டங்களைத் தொடவும்.'
மறுநாள் அரியநாயகம் கடைக்கே வந்துவிட்டார்,
போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு.
'செவப்பா இருந்துச்சு, பம்பு மோட்டார்னு தொட்டேன்.
நான் மனுசன் இல்லங்குதும்மா.'

கழற்றினேன்.
பதிலுக்கு நானே ஒரு கேள்வி வைத்தேன்:
குறுவைக்குப் பின்னால் வருவது எது?
தாளடி என்று எழுதியவர்கள் உள்ளே.
'தண்ணி இல்லாட்டி ஒண்ணும் வராது'
என்று ஒருவர் எழுதினார்.
அவரையும் உள்ளே விட்டேன்.

அப்புறம் ஒரு பொறி. ஆறாவது கட்டம்.
திரையில் தெரியாது,
மனிதக் கண்ணுக்கு அங்கே வெறும் வெள்ளை.
நிரலுக்கு மட்டும் தெரியும்,
தெரிந்ததை நிரப்பாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது.
வரப்பு எலிக்குக் கிட்டி வைப்பது போலத்தான்.
தொட்டது எதுவோ தனித் தொட்டியில் விழும்,
நான் பார்க்கக்கூட வேண்டாம்.
ஒன்பது நாள் நன்றாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள் இடம் நிரம்பிவிட்டது என்று சர்வர் சொல்ல
தொட்டியைக் கவிழ்க்கப் போனேன்.
மாத்திரை. சூதாட்டம். மாத்திரை.
செங்கமலம், கீழக்கோரை, பிரிவு வாய்க்கால், ஒன்றரை மா,
தாளடி.
'ஷட்டர் தொறந்தாச்சுங்குறாங்க. எட்டலை. நாத்து வெளுக்குது.'
மாத்திரை.

ஆறாவது கட்டத்தில் யாருடையதோ மின்னஞ்சல்.
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பிரௌசிங் சென்டரில்
அவளுக்கு முன்னால் உட்கார்ந்து போனவனுடையதை
கணினியே பரிவோடு இட்டு நிரப்பியிருக்கிறது.
அவள் பார்க்காத கட்டம், அவள் எழுதாத எழுத்து.
கிட்டி அடித்துவிட்டது.

கூப்பிட்டேன். துண்டித்தாள்.
மறுபடி.
'லோனெல்லாம் வேணாம், வைங்க.'
மூன்றாவது தடவை மூச்சு விடாமல் சொன்னேன்:
'அம்மா, பாசன சங்கத்துலேருந்து, தண்ணி விஷயமா,
என் பேரு ஃபர்ஸானா.'
'அப்டித்தான் சொல்லும்' என்றாள்.
'மிஷினும் இப்பல்லாம் பொம்பளக் கொரல்லதான் பேசுது.'

பின்னால் வாடகை ஆயில் என்ஜின் ஒன்று
இருமிக்கொண்டிருந்தது.

'சங்கத்து ஆளுன்னா சொல்லு.
எங்க மதகுல எத்தனாவது பலகை ஒடஞ்சி கெடக்கு?'

கலியன் சொல்லியிருக்கிறார்.
இரண்டாவதா, மூன்றாவதா?
என் ஐந்து கட்டங்களும் திரையில் திறந்து கிடந்தன.
பலகைக்கு அதில் இடமே வைக்கவில்லை நான்.

'மூணாவது' என்றேன்.

என்ஜின் ஓடியது, ஓடியது.

'இரு' என்றாள்.
'அணைச்சுட்டு வர்றேன். ஒண்ணும் காதுல விழல.'